நம் பெண்ணுக்கும் ஒரு ஸ்கேன்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் கோபம் உட்பட எல்லாம் சௌக்கியமா? முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இதய ஸ்கேனுக்கு முந்தின நாள் டீயே தொடக் கூடாது என்றார்கள். நான் நாலு டீ குடித்துவிட்டுப் போய், திட்டு வாங்கித் திரும்பினேன். நேற்றுத்தான் மறுபடி போய் எடுத்துக்கொண்டேன்.

நான் ஆஸ்பத்திரிப் படி துடைக்கையில் மூச்சு வாங்கியதைப் பார்த்து, இங்கே ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மாதான் பிடித்து ஸ்கேனுக்கு அனுப்பினார்.

"அண்ணே, உங்க இதயச் சதை தடிச்சிருக்கு. பெரிய குழாய்ல ரத்தம் நல்லா ஓடுது. சதைக்குள்ள நூல் மாதிரி இருக்கிற குழாய்க்குத்தான் சரியா போகல. ஏன்னுதான் ஆராயறோம்" என்றார் ஸ்கேனைப் பார்த்துவிட்டு. மாத்திரை கொடுத்திருக்கிறார், பயப்படாதே.

ஆனால் இது அப்பனிடமிருந்து பிள்ளைக்கும் வரலாமாம். என் மூக்கை நம் பெண்ணுக்குக் கொடுத்ததற்கே இன்னும் திட்டுகிறாய். இந்த வாரமே அவளை இதய டாக்டரிடம் கூட்டிப்போய் ஸ்கேன் எடு. நீயும் பக்கத்திலேயே இரு. இங்கே எனக்காக வெளியே காத்திருந்தது என் செருப்பு மட்டும்தான்.

சூப்பர்வைசர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். வலிக்காது என்று அவளிடம் சொல். நெஞ்சில் ஒட்டிய வில்லைகளை உரிக்கும்போது மட்டும் நான் கத்தினேன். இப்போது ஐந்து இடத்தில் முடி இல்லை.