ஏணி இல்லாத வீடு

மார்ச் 3, திங்கள்

முதல் வீடு முடிந்துவிட்டது. பழைய லாரிக் கொட்டகைக்குள், சக்கரங்களின் மேல், பெயின்ட் வாசனையோடு நிற்கிறது. ஒரே அறை, சமையல் மேடை, குளியலறை. படுக்கை மட்டும் மேலே, பரணில். ஏறிப்போக ஒரு தேக்கு ஏணி. வரைபடம் என்னுடையது, தச்சுவேலை அண்ணனுடையது. அண்ணன் அளவுநாடாவை முழுதாக நம்பமாட்டான். தானே படுத்து, உட்கார்ந்து, கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் ஆணி அடிப்பான்.

அடுக்குமாடிகளாக வரைந்து தள்ளிய ஆபீஸ் வேலையை இதற்காகத்தான் விட்டேன். அங்கே நான் வரைந்த ஒரு வீட்டையும் எங்களைப் போன்றவர்கள் வாங்க முடியாது. இந்த முதல் வீட்டை மழைக்காலத்துக்குள் விற்க வேண்டும். விற்காவிட்டால் கொட்டகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் வேலை தேட வேண்டியதுதான்.

மார்ச் 5

அண்ணன் ‘சின்ன வீடு விற்பனைக்கு’ என்று பலகை எழுதி மாட்டிவிட்டான்! பக்கத்து மெக்கானிக் சிரித்த சிரிப்பில் ஸ்பானர் கீழே விழுந்தது. “முதல்ல அதைக் கழட்டுடா, மானம் போகுது” என்றாள் அம்மா. இப்போது ‘குட்டி வீடு’.

மார்ச் 9, ஞாயிறு

நல்ல கூட்டம். கல்லூரிப் பிள்ளைகள் ஏணியில் தொற்றிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். விலையை ஒருவரும் கேட்கவில்லை.

மார்ச் 22

விலை கேட்பவர்களும் வருகிறார்கள். ஒரு தையல்காரம்மா, ஓய்வுபெற்ற ஒரு வாட்ச்மேன். ஆசையோடு மேடையைத் தடவுவார்கள், அண்ணாந்து பரணைப் பார்ப்பார்கள், “யோசிச்சுச் சொல்றோம்” என்பார்கள். அப்புறம் ஆளையே காணோம்.

மெக்கானிக் வேறு: “எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சொல்லுவாங்க. நீங்க நெசமாவே எலிக்குக் கட்டிட்டீங்க போல.”

சிரிப்பு வரவில்லை. வாடகை கட்ட முடியலேன்னு ஊரே புலம்புது, கட்டிக் குடுத்தா ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறாங்க — என்னதான் வேணும் இவங்களுக்கு? அண்ணன்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்வான்.

ஏப்ரல் 6

ரிட்டயர் ஆன பஸ் டிரைவரம்மா ஒருவர் மூன்றாவது தடவையாக வந்தார். வீட்டை நிறுத்தத் தம்பியின் தோட்டத்தில் இடம் இருக்கிறதாம். பின்னே என்ன தயக்கம் என்று கேட்டே விட்டேன்.

“வீடு கண்ணுக்குள்ளேயே நிக்குதும்மா. ஆனா ராத்திரி மூணு தடவை எழுந்திருக்கிறவ நான். இந்த முட்டியை வச்சுக்கிட்டு ஏணியில இறங்கி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும்.”

நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பரணில் படுத்துப் பார்த்தது யார்? அணிலாட்டம் ஏறுகிற அண்ணன். வாங்க வந்தவர்கள் எல்லாம்? முட்டி தேய்ந்தவர்கள். அம்மாகூட “ரொம்ப நல்லாயிருக்கு” என்று கீழே நின்றுதான் சொன்னாள். எங்கள் வாடகை மாடிக்கு ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறவள் அவள். தினமும் பார்க்கிறேன். பார்த்து என்ன பயன்?

ஏப்ரல் 19

ஏணியைக் கழற்றியாயிற்று. படுக்கையைக் கீழே ஜன்னலோரம் கட்டில் உயரத்துக்குக் கொண்டுவந்து, அடியில் இழுப்பறைகள் வைக்க வேண்டும். உயரம் சரிபார்க்க டிரைவரம்மாவை வரச்சொல்லி வெறும் பலகையில் படுக்க வைத்தோம். “இன்னும் கொஞ்சம் ஒசரம் வேணுமா?” என்று அண்ணன் கேட்டான். பதிலாகக் குறட்டைதான் வந்தது.

அண்ணன் சுத்தியலை ஓசைப்படாமல் கீழே வைத்தான். மெக்கானிக்கிடம் ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தச் சொன்னேன்.

எழுந்ததும் கேட்டார்: “எப்ப குடி வரலாம்?”

ஏப்ரல் 30

பூட்டு மாட்டுவதற்குள் டிரைவரம்மா பாத்திரம் பண்டத்தோடு வந்து நிற்கிறார்! சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜூலை 12

தையல்காரம்மாவும் வாட்ச்மேனும் திரும்பி வந்தார்கள், கூடவே டிரைவரம்மாவின் சிநேகிதிகளும். இப்போது இங்கே ஒரே சட்டம்: வாங்குகிறவர் படுத்துப் பார்க்காமல் ஆணி கிடையாது.

செப்டம்பர் 14

வெளியே மழை. கொட்டகை எங்களிடம்தான் இருக்கிறது. உள்ளே ஐந்தாவது வீடு. இதற்குக் கூடுதலாக ஒரு தடுப்பு, சுவரோரம் இரண்டு மடக்குக் கட்டில்கள்.

“உன் வயசுல ஒருத்தங்க கேட்டிருக்காங்க, கொஞ்சம் படுத்துப் பாரு” என்று அண்ணன் அம்மாவைக் கூட்டிவந்தான். படுக்கையில் உட்கார்ந்து காலைத் தரையில் வைத்துப் பார்த்தாள்.

“யாருக்குடா இது?”

“ஒசரம் சரியா இருக்கா, அதைச் சொல்லு.”

“அளவெடுத்தாப்புல இருக்கு. யாரா இருந்தாலும் குடுத்து வச்சவங்க.”

படுத்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

இந்த வீட்டுக்கு நாங்கள் ‘விற்பனைக்கு’ என்று பலகை மாட்டவில்லை. எழுந்ததும் சொல்ல வேண்டும்.