மை ஏறாத விரிசல்

விருத்தாசலம்
ஞாயிறு

அன்புத் தம்பி அசீமுக்கு, அத்தா இருந்திருந்தால் அவர் எழுத வேண்டியதை அண்ணன் அமீனுதீன் எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா நலம், நான் முக்கால் நலம். நீ நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். போனில் கேட்டால் ரூமில் ஆள் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், அதனால் சவூதிக்கு, உன் தம்மாமுக்கே திரும்பும் பெண்ணாடம் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன், தனியாகப் படி. அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, அப்படி அம்மாதான் சொல்கிறார், டெஸ்ட் சீட்டைக் கேட்டால் எங்கேயோ வைத்துவிட்டேன் என்கிறார். சின்னம்மா மகள் சமீராவுக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், சாஃப்ட்வேராம், எந்தக் கம்பெனி என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி விஷயம். போன மாதம் எனக்கு நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. சூளையிலிருந்து வரும் பீங்கான் பியூஸ் கேரியர்களைச் சோதித்துப் பிரிப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு எடுத்த பீஸிலெல்லாம் பல்லுப் பல்லாக ஒரு விரிசல், ஓரமெல்லாம் மினுங்குகிறது. வேகமாக ஆறவிட்டுவிட்டான் என்று சூளைக்காரனைத் திட்டினேன், களிமண் லோடைச் சந்தேகப்பட்டேன், நாற்பது பீஸை உடைக்கச் சொல்லிவிட்டேன். எங்கள் மேசையில் இருபது வருஷமாகப் பிரிக்கிற ராஜாம்பாள் அக்கா ஒரு பீஸை எடுத்து மை தடவித் துடைத்துக் காட்டினார். விரிசல் இருந்தால் மை ஏறிக் கோடு நிற்கும். நிற்கவில்லை. தட்டினால் கணீர் என்கிறது. "மையி பொய் சொல்லாது சார், உங்க கண்ணுதான் இன்னிக்கு லீவு போட்டிருக்குது" என்றார். கோபத்தில் நிமிர்ந்தால் அதே விரிசல் மேசை மேல் ஏறி, சுவரில் ஏறி, அவர் முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கிறது. இருபது நிமிஷத்தில் போய்விட்டது, பிறகு வலது பக்க மண்டையில் வலி, வாந்தி. போட்டிக் கம்பெனிக்காரன் எவனாவது சொல்லி உடைத்தாயா என்று முதலாளி கேட்டார்.

கடலூரில் கண் டாக்டர் கண்ணில் குறையில்லை என்று நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். மைக்ரேனாம், சிலருக்குத் தலைவலிக்கு முன்னால் பார்வையில் இப்படிக் கோடு வருமாம். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எட்டாவது படிக்கும்போது கரும்பலகையில் பாதி எழுத்தைக் காணோம், ஓரத்தில் ரம்பம் மாதிரி மின்னுகிறது என்று நீ அழுதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. படிக்காமல் இருக்கப் புளுகுகிறாய் என்று பெல்ட்டால் அடித்தேன். தப்பு என்னுடையது.

அதற்குப் பிறகு நீ ஒருமுறையும் அதைச் சொன்னதில்லை. நின்றுபோனதாலா, அடிக்குப் பயந்தா? ரம்ஜானில் டிரெய்லர் லாரியை அரை மணி நேரம் ஓரங்கட்டி நின்றேன் என்றாய், கேட்டதற்கு டயர் என்றாய். இரண்டு வாரத்தில் மறுபடி நின்றாய், அப்போது தூசிக்காற்று. இரண்டு முறையும் மறுநாள் லீவு. டயர் பஞ்சரானால் டிரைவர் ஏன் மறுநாள் படுத்துக் கிடக்க வேண்டும்? வேலை போய்விடும் என்று மறைக்கிறாய். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. முதலாளியிடம் டாக்டர் சீட்டைக் காட்டினேன், முழுசாக நம்பவில்லை, ஆனால் துரத்தவும் இல்லை, களிமண் கலவைப் பக்கம் மாற்றிவிட்டார். எனக்குக் கண் தப்பினால் பீங்கான் உடையும், அவ்வளவுதான். உனக்குப் பின்னால் நாற்பது டன் வருகிறது. பாதி ரோடு காணாமல் போகும்போது அந்தப் பாதியில் யார் நிற்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது.

டாக்டரிடம் போ, கம்பெனியில் சொல். வேறு வேலை தரமாட்டேன் என்றால் கிளம்பி வா, இங்கே பார்த்துக்கொள்ளலாம். வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் குடி, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அல்லாஹ் உன்னையும் உன் வண்டிக்கு முன்னால் போகிறவர்களையும் காப்பாற்றட்டும், அம்மாவின் துஆ எப்போதும் உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கூப்பிடுவேன். உன் சூப்பர்வைசர் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறேன், ஆனால் முதலில் உன் நம்பருக்குத்தான் அடிப்பேன். அந்தக் கோடு வருகிறது என்று நீ சொன்னால், இந்த முறை நம்புவேன்.

உன் அண்ணன்
அமீனுதீன்