அலாரம் வராத லேத்

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாயைத் திறந்து காட்டுகிறாள். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. நீங்களும் நன்றாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன குறை.

ஃபோனில் சொன்னால் மறுபடியும் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பட்டறையில் நீங்கள் இரும்பு கடைந்துகொண்டிருந்த சிஎன்சி லேத் போன வாரம் மோதி, உள்ளே ஸ்க்ரூ வளைந்துவிட்டது. நீங்கள் வெளிநாடு போனதிலிருந்து உங்கள் சிநேகிதர் நெட்டைதானே அதை ஓட்டுகிறார். கரண்ட் போய் வந்ததும் வழக்கம்போல ஹோமுக்கு, அதுதான் மிஷின் அளவைத் தொடங்கும் இடத்துக்கு, அனுப்பியிருக்கிறார். ஹோம் ஆகும்வரை மிஷினுக்குத் தன் எல்லை தெரியாது, ஓரத்து லிமிட் ஸ்விட்ச்தான் காவல். அது தட்டினால் அலாரம் வந்து நிற்கும். ரிலீஸ் பட்டனைப் பிடித்துக்கொண்டு, கைச்சக்கரத்தை எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றி வெளியே எடுத்தால் தீர்ந்தது. அதே பட்டறையில் அளவு பார்க்கும் மேஜையில் உட்கார்ந்திருக்கும் எனக்கே இது தெரியும். அன்றைக்கு அலாரமே வரவில்லை. நேராகப் போய் இடித்துவிட்டது.

மெக்கானிக் கவரைக் கழற்றியபோது நானும் பக்கத்தில் நின்றேன். ஸ்விட்ச் தட்டினாலும் மிஷினுக்குத் தெரியாதபடி, அதற்குப் போகும் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தது. பிரிக்க வசதியாக டேப்பின் நுனி கொஞ்சம் மடித்துவிடப்பட்டிருந்தது. நம் வீட்டு இஸ்திரிப்பெட்டி வயரில் நீங்கள் சுற்றிய டேப்பில் தினமும் பார்க்கிற மடிப்பு. "எந்தப் புண்ணியவான் பண்ணின வேலையோ" என்று மெக்கானிக் அதைப் பிய்த்துப் போட்டார். நான் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் ஃபோனில் உங்களிடம் கேட்டேன். "ஸ்விட்ச்சுல இரும்புச் சுருள் அடைச்சு அடைச்சு அலாரம் வந்துட்டே இருக்கும். தினமும் எவன் கவரைக் கழட்டித் துடைக்கிறது? விடு, யாருக்குத் தெரியப்போகுது" என்று சொல்லிச் சிரித்தீர்கள். துணியால் துடைக்கச் சோம்பல்பட்டுச் செய்த வேலை. "உங்க வீட்டுக்காரர் கை வச்சா அலாரமே வராது" என்று சூப்பர்வைசர் மெச்சும்போதெல்லாம் நானும் பூரித்துப்போய் நின்றிருக்கிறேன். இப்போது நினைத்தால் சீ என்றிருக்கிறது. நீங்கள் அனுப்பிய வாசனை சோப்பைத் தொடக்கூட அருவருப்பாக இருக்கிறது.

வயரை முறுக்கியது நெட்டைதான் என்று முதலாளி முடிவு கட்டி வேலையை விட்டு அனுப்பிவிட்டார். மிஷினைக் கெடுத்தவன் என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய்விடுகிறது. கேட்ட பட்டறையெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். அவர் மனைவிக்கு இது ஏழாம் மாதம்.

நேற்று நெட்டை நம் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். முகத்தைப் பார்க்க முடியாமல் தேநீர் போடுகிற சாக்கில் உள்ளேயே நின்றேன். யார் செய்திருப்பார்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள்மேல் அவருக்குச் சந்தேகமே இல்லை. கிளம்பும்போது, "அண்ணி, அண்ணனுக்கு எழுதும்போது என்னையும் நினைவுபடுத்துங்க. அங்க ஏதாவது வேலை இருந்தா அண்ணன் கண்டிப்பா பண்ணுவாரு. இப்ப அவரைத்தான் நம்பியிருக்கேன்" என்றார். எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

எழுதிவிட்டேன்.

முதலாளியின் நம்பர் உங்களிடம் இருக்கிறது. நானே போய்ச் சொல்லிவிடுவேன், அதற்கு வாயில்லாதவள் இல்லை. ஆனால் உங்கள் வாயால் வரட்டும் என்று இந்த வாரம் மட்டும் பொறுத்திருக்கிறேன். அங்கே குளிர் அதிகம் என்றீர்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். ஃபோன் செய்தால் முதலில் முதலாளிக்குச் செய்யுங்கள். அப்புறம் எனக்குச் செய்யுங்கள், எடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி