கட்டிலுக்குக் கீழே தணற்சட்டி

கொட்டாஞ்சேனை,
தை மாதம், 1946

அன்பு மகள் பத்மாவதிக்கு,

முருகன் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே எல்லோரும் சுகம் என்று நீ எழுதியதில் பாதியைத்தான் நம்பினேன். குறை நினைக்காதே பிள்ளை, துறைமுகக் கஸ்ரம்ஸில் இத்தனை வருஷம் பிறத்தியாரின் பெட்டியைத் திறந்து பார்த்தே பழகியவன் நான். மேலே மடித்து வைத்த சேலை எப்போதும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை றெயில் கார்ட் நாகேந்திரம் வந்தான். நானுஓயாவில் றெயில் நின்றபோது உங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தானாம். மருமகன் ஸ்ரீஸ்கந்தராசா எப்படி என்று கேட்டேன். "அவருக்கென்ன அண்ணை, வெளியிலை புல்லெல்லாம் வெள்ளையாய் உறைஞ்சு கிடக்குது, அவர் ராசா மாதிரிச் சூடாய்க் கிடக்கிறார், கட்டிலுக்குக் கீழை தணற்சட்டி வைச்சிருக்கினம்" என்றான். கூடவே எரிகாயத்துக்கு மருந்து வாங்கி அனுப்பச் சொன்னாயாம், குசினியில் சமைக்கிறவன் கையைச் சுட்டுக்கொண்டானாம். நாகேந்திரம் அப்பாவி, அப்படியே நம்பிக்கொண்டு வந்திருக்கிறான். குசினிக்காரன் தீபாவளியோடு சொல்லாமல் ஓடிவிட்டான் என்று எனக்கு எழுதியவள் நீதானே? ஓடிப்போனவனின் கைக்கு மருந்து எதற்கு?

உடனே டொக்டர் கொன்ஸ்ரன்ரைனிடம் போனேன். சட்டி என்றதும் மனுஷன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். தேயிலைப் பக்டரி மாடியால் விழுந்து முள்ளந்தண்டு முறிந்த மருமகனுக்கு இடுப்புக்குக் கீழே சூடும் தெரியாது, குளிரும் தெரியாது, நடுங்கித் தன்னைச் சூடாக்கிக்கொள்ளவும் அந்தப் பக்கம் உடம்புக்கு இயலாது என்றார். எனக்கு முதலில் உன் மாமியார் இரத்தினம்மாமேல்தான் சந்தேகம். உன் பேறுகாலத்தில் கட்டிலுக்குக் கீழே சட்டி வைத்தவ அவதானே. அப்போது உனக்குச் சுட்டது, ஐயோ என்று கத்தினாய், சட்டியை இழுத்தார்கள். இவர் எப்படியம்மா கத்துவார்? சதை வெந்தாலும் சிரித்துக்கொண்டுதானே கிடப்பார்.

சட்டியை இப்போதே வெளியே எடு. சுடுதண்ணீர்ப் போத்தலும் காலடியில் வேண்டாம். மாமி முகத்தைச் சுளித்தால் பழியை என் தலையில் போடு. ஒருகொடவத்தையில் பட்டாளத்துக் கம்பளிகள் விற்றார்கள், விற்றவன் முழியே சரியில்லை, ஒவ்வொன்றாய் உதறி முகர்ந்து பார்த்த பிறகுதான் எடுத்தேன், நாகேந்திரத்திடம் கொடுத்து அனுப்புகிறேன். தடித்தது ஒன்றைப் போர்ப்பதைவிட மெல்லியதாக ஒன்றின்மேல் ஒன்று போர்த்தால்தான் சூடு நிற்குமாம். தலைக்கு மப்ளர் கட்டு. காலுறை இறுக்கமாக இருக்கக்கூடாது, மடிப்பும் விழக்கூடாது. துணி நனைந்தால் உடனே மாற்று. குளிருகிறதா என்று அவரைக் கேட்காதே, உன் கையால் தொட்டுப் பார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. சட்டி வைத்தது மாமி என்றால் நீ இரண்டு பக்கத்துக்கு அவவைத் திட்டி எழுதியிருப்பாய். ஒரு வரியும் இல்லை. அப்படியென்றால் தணல் போட்டது நீதான். அவர் கால் பனிக்கட்டியாய்க் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் போட்டிருக்கிறாய். பிள்ளை, உன்னை ஒருவரும் ஏசப்போவதில்லை. அந்த இடத்தில் நானும் தணல்தான் போட்டிருப்பேன். ஆனால் மறைக்காதே, மறைத்தால் அவரை இழந்துவிடுவோம்.

நீங்கள் இருவரும் குழந்தையும் நீடு வாழ முருகன் துணை நிற்கட்டும். மறக்காமல் ஒன்று செய். அவர் காயத்தின் கட்டை அவிழ்த்து நீயே பார். சிவந்திருந்தால் டொக்டர் தந்த மருந்து கம்பளிப் பார்சலில் இருக்கிறது. கறுத்திருந்தால் அடுத்த றெயிலிலேயே அவரைக் கொழும்புக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். சிவப்பு, கறுப்பு, இரண்டில் ஒரு சொல்லைத் தந்தி அடி. அம்மாவுக்கு இதொன்றும் தெரியாது. தந்திக்காரனைக் கண்டாலே அவள் பயந்துவிடுவாள், அதனால் நான் வாசலிலேயே நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா,
வே. தில்லைநாதன்