வெறும் பானையின் புகை

ஏரி நிறைக, களம் நிறைக. குவளைக்கொடி உயர்த்திய நெடுங்கழனி நாட்டை இளவரசர் வளரும்வரை தாங்கி நிற்கும் வழுதிமாதேவியார், தலைநகர் பொன்னரணில் வீற்றிருக்கும் திறையமைச்சர் கீரஞ்சாத்தனார்க்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம் மனைக்கும் நலம் உண்டாகுக. நலம் இல்லாதார் செய்தியையே இவ்வோலை சுமந்து வருகிறது.

குடிகளின் செழிப்பை அளக்க நம் நாட்டில் வழிவழியாக ஒரு முறை உண்டு. அந்திவேளையில் அளவர்கள் குன்றேறி நின்று, எந்தெந்தக் கூரையில் அடுப்புப் புகை எழுகிறதென்று பார்ப்பர். புகையும் வீடு உண்ணும் வீடு. புகையாத வீடு பாழ்வீடு, அதற்கு ஏரித்தண்ணீரில் பங்கில்லை. இவ்வாண்டு மழை பொய்த்தும் கருங்கால்பட்டியில் புகையாத கூரையே இல்லையென்று நீர் பூரித்து எழுதினீர். குடிகள் கொழுத்திருக்கின்றனர் என்று திறையை உயர்த்தினீர். அதைக் கொண்டாட விருந்தும் வைத்தீர். அவ்விருந்தின் வெண்சோற்றைத் தேவியாரும் உண்டு புகழ்ந்தார்.

ஆயினும் பஞ்சத்தில் இத்தனை புகையா என்ற ஐயம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. பல்லக்கும் பரிவாரமும் இன்றி அவ்வூர் சென்று, சேந்தி என்னும் உழுகுடிப் பெண்ணின் வாயிலில் அந்தியில் நின்றார். வழிப்போக்கர் என்றெண்ணி அவள் உள்ளே அழைத்து அமர்த்தினாள். அடுப்பில் பச்சை ஓலை புகைந்தது. மேலே பானை கொதித்தது. மூடியை நீக்கி, வெந்நீரை மொண்டு, உப்புக்கல் ஒன்றை இட்டுத் தேவியார் கையில் தந்தாள். பானையில் வேறொன்றும் இல்லை.

அரிசி கண்டு நெடுநாளாயிற்றென்றும், புகை காட்டாவிடில் ஏரித்தண்ணீர் போய்விடும் என்பதால் ஊரே அந்திதோறும் வெறும் பானை ஏற்றுகிறதென்றும் அவள் ஒளிவின்றி உரைத்தாள். விதைநெல்லாவது உண்டா எனத் தேவியார் வினவ, உயர்ந்த திறைக்கு அதையே அளந்துகொண்டு போயினர் என்று சொல்லி, இனி வயலில் எதைத்தான் விதைப்பதென்று கேட்டாள். அவள் அழவில்லை. வந்தவர்க்குச் சோறிட முடியவில்லையே என்று மட்டும் நாணினாள்.

அந்நெல் எங்கேயென்று தேவியார் களஞ்சியக் காவலரைக் கேட்டார். திறையமைச்சரின் விருந்துக்குக் குத்தியாயிற்று என்றனர். அவர்கள் விதைக்க வைத்திருந்ததை நாம் வயிறு புடைக்கத் தின்று ஏப்பம் விட்டோம், அமைச்சரே. குன்றேறக் கால் வலிக்காத உம் அளவர்க்கு ஒரு மூடியைத் திறக்கக் கை வரவில்லையா?

ஆதலின் ஆணை. உயர்த்திய திறை இன்றே நீங்குக. கருங்கால்பட்டியின் விதைநெல்லை உம் சொந்தக் குதிரிலிருந்து அளந்து, வண்டியுடன் நீரே சென்று கொடுப்பீராக. ஏரித்தண்ணீர் புகை பாராது எல்லார்க்கும் பாய்க. இனி அளவர் வீடு புகுந்து, பானை திறந்து பார்த்தே எழுதுக.

சேந்தியின் வயல் விளைந்து அவள் பானையில் சோறு வேகும் நாள்வரை, அந்திதோறும் உம் அடுப்பும் அரண்மனை அடுப்பும் புகையக் கடவன. பானையில் வெந்நீரன்றி எதுவும் இருத்தலாகாது. ஓர் அளவர் மட்டும் குன்றேறி அப்புகையைப் பார்த்து, அமைச்சர் வீடு செழிப்பாயிருக்கிறது என்று நாள்தோறும் எழுதிவருவார்.

தேவியார் தம் கையால் குவளை முத்திரை பொறித்த ஓலை இது, கண்டவாறே செய்க.