கிழக்குச் சுவரோர இடம்

1908 மார்ச் 1, ஞாயிறு

சனிக்கிழமை எங்களுக்கு ஓய்வுநாள், எழுதக்கூடாது. அதனால் நேற்றைய எரிச்சலை இன்று எழுதுகிறேன், இன்னும் ஆறவில்லை. ஜெபக்கூடத்தில் மாட்டு வியாபாரி ஸுஸ்மான் மறுபடி தூங்கிவிட்டார். கிழக்குச் சுவரோரம், வேதச்சுருள் வைக்கும் பேழைக்குப் பக்கத்தில், எங்கள் சின்ன ஊர் யூதர்களுக்கெல்லாம் முதல் இடம். அங்கே உட்கார்ந்து குறட்டை! நான் கதவோரம். தாத்தா வாங்கிய இடம், அப்பா உட்கார்ந்த இடம், எனக்கு அதோடு சளியும் வந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்த மாட்டு வியாபாரியின் பிடரியைப் பார்த்துத்தான் ஜெபம் செய்கிறேன்.

பொறாமையா? ஆமாம், பொறாமைதான்.

மனைவி பாபெட் கேட்கிறாள்: "அவரு எடத்துல உக்காந்தா ஒங்க ஜெபம் மட்டும் சீக்கிரம் மேல போயிடுமாக்கும்?"

மார்ச் 8

அவருக்குப் புதுத் தொப்பி வேறு.

மே 20

துணி விற்றுவிட்டு மூட்டையோடு திரும்பும்போது ஸுஸ்மான் வழிமறித்தார். "கோப்பெல், நியூரம்பெர்க் பட்டணத்துலேருந்து பையன் கூப்பிடுறான். இந்த மூட்டு வலியோட இங்க கெடந்து என்ன பண்ணப் போறீங்கங்கறான். நீ என்னப்பா சொல்ற?"

முந்திக்கொண்டு சொன்னேன்: "போங்கண்ணே. அங்க நல்ல டாக்டருங்க இருக்காங்க. மாடிப்படியெல்லாம் வெளிச்சமா இருக்குமாம்."

"போனா என் எடம் ஒனக்குத்தான். வேற யாரு அத இவ்ளோ வருஷமா பாத்துக்கிட்டே இருந்தா?"

தெரிந்திருக்கிறது அவருக்கு! அவமானமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 11

பத்திரிகையில் மூட்டு வைத்தியர் விளம்பரம். வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். "அந்த மனுஷன ஊர விட்டு அனுப்புறதுல ஒங்களுக்கு என்ன இவ்ளோ அக்கறை?" என்கிறாள் பாபெட்.

ஜூலை 14

கிழவர் ஹோனாவை அடக்கம் செய்தோம். கல்லறையிலும் ஸுஸ்மான்தான் முன்னால் நின்றார்.

ஜூலை 22

எங்களுக்கு ஜெபம் நடத்தும் ஆசிரியர் என்னைத் தனியாக அழைத்து, "ஹோனாவும் போயிட்டாரு. ஸுஸ்மானையாவது கொஞ்சம் நிறுத்திப் பாருங்களேன்" என்றார். ஏனாம்? அவருக்கும் அந்த இடத்தின் மேல் கண். நான் விடுவேனா.

ஆகஸ்ட் 30

வண்டி ஏறினார். அவருடைய இடத்து மேசைச் சாவியை என் கையில் வைத்து மூடினார். "மேசை மூடி லேசா இறுகும், தூக்கித் தெறக்கணும்" என்றார். அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், ஊர் பார்க்கிறதே.

செப்டம்பர் 6, ஞாயிறு

எப்படி எழுத?

நேற்று அந்த முதல் இடத்தில் உட்கார்ந்தேன். வேதச்சுருளை எடுக்கப் பத்து ஆண்கள் வேண்டும். எங்கள் வழக்கத்தில் ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடாது; பத்துச் சொல் கொண்ட வசனத்தை ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்போம். ஆசிரியர் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிச் சொல்லுக்கு ஆள் இல்லை. 'என்றைக்கும்' என்று பொருள்படும் சொல் அது.

மறுபடி சொன்னார். எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். கதவோரம் என் பழைய இடம் காலியாக இருந்தது. சுருளை எடுக்கவில்லை. அவரவர் ஜெபத்தை முணுமுணுத்துவிட்டுக் கலைந்தோம்.

ஆசிரியர் இதைத்தானே சொன்னார்? நான் என்னத்தைக் கேட்டேன்? இருபத்திரண்டு வருஷமா அந்த ஆளு எனக்கு முன்னால இருக்காருன்னுதான் பாத்தேன். எங்களோட இருக்காருன்னு ஒரு நாளும் தோணலையே.

பெண்கள் மாடத்திலிருந்து இறங்கி வந்த பாபெட் வாசலில் ஒன்றே ஒன்று சொன்னாள்: "பத்தாவது ஆளத்தான் நீங்களே வண்டி ஏத்தி விட்டீங்களே."

அக்டோபர் 20

பண்டிகைக்காவது வாருங்கள் என்று ஸுஸ்மானுக்கு எழுதியிருந்தேன். பண்டிகை முடிந்தபின் பதில் வருகிறது. மூட்டு தேவலையாம். பெரிய ஜெபக்கூடமாம், நூற்றுக்கணக்கில் கூட்டமாம். "எனக்குக் கடைசி வரிசைதான், கோப்பெல். கதவோரம். காத்து பிச்சுக்கிட்டு வருது. நீ எப்படித்தான் அத்தனை வருஷம் தாங்கினியோ."

இரண்டு தடவை படித்தேன். சிரிப்பு வரவில்லை.

1910 ஜூன் 9

பத்துப் பேர் பிறகு சேரவேயில்லை; ஆசிரியரும் வேறு ஊர் போய்விட்டார். சுருள்களைப் பக்கத்து ஊர் ஜெபக்கூடத்துக்குக் கொடுத்தோம். எங்கள் கட்டடத்தை விவசாயி ஆந்திரெயாஸ் வாங்கி வைக்கோல் அடுக்குகிறான். காலையில் வந்து கேட்டான்: "அந்த மொத மேசை தெறக்க மாட்டேங்குது, ஒடைச்சிடட்டுமா?"

"இருப்பா, சாவி எங்கிட்ட இருக்கு."

இதுவரை நான் அதைத் திறந்ததேயில்லை. தூக்கித்தான் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே ஸுஸ்மானுடைய மூக்குப்பொடி டப்பி.

நவம்பர் 6, ஞாயிறு

பக்கத்து ஊருக்கு வெள்ளிக்கிழமையே நடந்து போய்த் தங்கினேன். ஓய்வுநாளில் அவ்வளவு தூரம் நடக்கக்கூடாதே. விருந்தாளிக்குக் கதவோரம் இடம் கொடுத்தார்கள். அங்கேயும் ஆள் குறைந்துவருகிறது. வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கடைசிச் சொல் என் மேல் விழுந்தது. சுருளை எடுத்தார்கள்.

கிழக்குச் சுவரோரம் யாரோ குறட்டை விட்டார். பக்கத்தில் இருந்தவன் எழுப்பப் போனான். நான் தடுத்துவிட்டேன். தூங்கட்டும். ஆள் இருக்கிறாரே.