தொட்டியில் இறங்கிய தண்ணீர்

மார்ச் 2

அன்புள்ள குட்டிம்மா,

நான் சௌக்கியம். நீ எப்படி என்று நீ எழுதினால்தானே தெரியும்.

இந்தச் சோளப் பண்ணையில் என் அறைக்குப் பக்கத்தில் ஒரு அகலமான தகரத் தொட்டி இருக்கிறது. தினமும் காலையில் அதில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளப்பேன். வெயிலும் காற்றும் குடித்தது அவ்வளவு. அதை வைத்துத்தான் சோளத்துக்கு எவ்வளவு தண்ணீர் விடலாம் என்று கணக்குப் போடுவேன். தொட்டிக்கு மேலே வலை போட வேண்டுமாம். இங்கே ஒரு நாய்கூடக் கிடையாது, யாருக்காகப் போடுவது? பேச ஆளில்லாமல் தொட்டியோடு பேசுகிறேன், சிரிக்காதே.

இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்கப்போவதாகச் சொன்னாயே. ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்.

உன்னவன்

மார்ச் 9

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தில் எனக்கு ஒரு வரி, சோளத்துக்கு ஒரு பக்கம். போகட்டும். வார்டில் மூச்சுவிட நேரமில்லை. மாற்றல் மனுவை மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். லீவு கிடைத்தால் ஒருநாள் சொல்லாமல் வந்து நிற்பேன். உங்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் எனக்கு.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் நர்சம்மா

மார்ச் 24

அன்புள்ள குட்டிம்மா,

தினமும் சாயங்கால பஸ்ஸை எட்டிப் பார்க்கிறேன். நீ வரவில்லை.

ஒரு கூத்து கேள். போன வாரம் ஒருநாள் தொட்டியில் தண்ணீர் தாறுமாறாக இறங்கியிருந்தது. அனல் காற்று என்று நம்பி அதே கணக்கில் சோளத்துக்குத் திறந்துவிட்டேன். வயல் குளமாகிவிட்டது. மேலதிகாரி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். எங்கிருந்தோ ஒரு நாய் வந்து குடித்திருக்கிறது, சனியன். இப்போது வலை போட்டு இறுக்கிக் கட்டிவிட்டேன்.

எப்போது வருவாய்?

உன்னவன்

மார்ச் 30

ஐயாவுக்கு,

அந்தச் சனியன் நான்தான்.

மத்தியான பஸ்ஸில் வந்தேன். அறை பூட்டியிருந்தது. தூரத்தில் சோளத்துக்கு நடுவே குனிந்திருந்தீர்கள். கூப்பிட்டேன். நிமிர்ந்தீர்கள். எனக்கு அப்படியொரு சந்தோஷம். காற்று எந்தப் பக்கம் என்று விரலை நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டீர்கள்.

வெயில் தாங்கவில்லை. உங்கள் தொட்டியிலிருந்து வாளி வாளியாக மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன். அழுததும் அதோடு போயிற்று. ஈரப் புடவையோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அது காய்ந்த பிறகும் உட்கார்ந்திருந்தேன். அதே பஸ் திரும்பி வந்தபோது ஏறிவிட்டேன்.

அப்போதும் மனுவைக் கிழிக்கவில்லை. சொல்லாமல் வருவேன் என்று எழுதியிருந்தேனே. தண்ணீர் குறைந்ததைப் பார்த்தாவது, வந்தது அவளாக இருக்குமோ என்று ஒரு வரி எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். நாய் என்று எழுதினீர்கள்.

மாற்றல் வேண்டாம் என்று இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

வலையைக் கழற்றிவிடுங்கள். நாயாவது வந்து குடித்துவிட்டுப் போகட்டும்.

நர்ஸ்